வழக்கும் நீதியும்

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே நோக்குகிறோம். காவிரிக்கு அப்பால், ஏழு மதில்கள் சூழத் திருவரங்கம் தெரிகிறது. மதிலைக் கட்டியது கல். இன்னார் நுழையலாம், இன்னார் நுழையலாகாது என்று வகுத்தது கல்லல்ல, வழக்கம்! கல்லினும் கடிய அந்த வழக்கத்தைப் பெயர்ப்பவர் யார்? வழக்கறிஞரா, சட்டமன்றத்தாரா?

வழக்கறிஞர் வல்லவர்தான். ஆனால், அவர் கையிலுள்ள சட்டம் பிறர் எழுதியது. கமுதிக் கோயிலில் நுழைய நாடார் மக்களுக்கு உரிமை உண்டா என்ற வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இல் தீர்ப்பு வந்தது: உரிமை இல்லை! வழக்கம் எது என்று கேட்டனர் நீதிபதிகள்; அவ்வழக்கம் நேர்மையானதா என்று கேட்டாரில்லை. கேளாமல் விட்ட கேள்வியைச் சட்டமன்றம் கேட்டது. 1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் பிறந்தது.

ஆகவேதான் பாரிஸ்டர் ஏ. டி. பன்னீர்செல்வத்தை நாம் நினைக்கிறோம். 1888-இல் பிறந்தவர், தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராகவும் நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கியவர். கட்டணம் பெற்று வாதாடக் கற்ற நாவைக் கட்டணம் தர இயலாத மக்களுக்கு அளித்தார். 1938-இல் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது, சட்டமன்றத்திலே எதிர்த்து நின்றார்.

ஆனால் தோழர்களே, அந்த ஆணையைப் பிறப்பித்த ஆட்சியின் தலைவர் இராசகோபாலாச்சாரியாரும் சேலத்து வழக்கறிஞரே! இருவர்க்கும் ஒரே தொழில், ஒரே மன்றம். ஒருவர் திணித்தார், ஒருவர் தடுத்தார். படிப்பும் பதவியும் எவரையும் நீதியின் பக்கம் நிறுத்திவிடுவதில்லை. யாருக்காகப் பேசுகிறோம் என்ற தெளிவே நிறுத்துகிறது.

எண்ணிக்கை குறைந்தோர்க்குப் பேச்சு மட்டும் போதுமா? போதவில்லை. 1938 ஆகஸ்டு 1-இல் இதே திருச்சியிலிருந்து தமிழர் படை புறப்பட்டது. 42 நாள் நடந்து சென்னை சேர்ந்தது. 1939-இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் உயிர் ஈந்தனர். 1940 பிப்ரவரி 21-இல் கட்டாய ஆணை நீங்கியது. வெற்றியைக் கண்ட பன்னீர்செல்வம், மார்ச் 1-இல், இலண்டன் செல்லும் வழியில், ஓமான் வளைகுடாப் பகுதியில் விமானத்தோடு மறைந்தார்.

மன்றத்தில் பேசிய நாவும், சாலையில் நடந்த காலும், சிறையில் அடங்கிய மூச்சும் சேர்ந்தே அந்த ஆணையை வீழ்த்தின. எனவே இளைஞனே, சட்டம் என்ன சொல்கிறது என்று கேள், தவறில்லை. ஆனால் அத்தோடு நின்றுவிடாதே. அது சொல்வது நேர்மையா என்றும் கேள். முதற்கேள்வி உன்னை வழக்கறிஞனாக்கும். இரண்டாவது உன்னை மனிதனாக்கும்.