வேலிப் பொட்டும் ஒரு மீற்றர் இடைவெளியும்

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, சித்திரை வருடப் பிறப்புக்கு மூன்றரை வாரமே இருந்தது. சார்வரி வருடம் மூடிய படலைகளுக்குள்ளேதான் பிறந்தது. போர்த்தேங்காய் அடியில்லை; மாட்டுவண்டிச் சவாரியில்லை; கைவிசேடம் பெறப் படலை படலையாக ஏறி இறங்கும் சிறுவர் கூட்டமுமில்லை. மே மாதத்து வெசாக்கும் நோன்புப் பெருநாளும் அவ்வாறே கழிந்தன. அயலார் கூடாத கொண்டாட்டம் கொண்டாட்டமாகுமா என்ற வினா அன்று பலர் உள்ளத்தில் எழுந்தது. ஆனால் யார் யாருக்கு அயலார் என்ற வினா அதற்கு முந்தியது.

நோய் நமக்குத் தந்த சொற்றொடர் ‘சமூக இடைவெளி’. உலக சுகாதார ஸ்தாபனம் அந்த மார்ச் மாதத்திலேயே ‘உடல் இடைவெளி’ என்பதே பொருத்தமெனக் கூறிற்று. எனினும் பழைய சொல்லே நிலைத்தது. யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு அது புதியதாய்த் தோன்ற நியாயமில்லை. தேநீர்க் கடையில் தனிப் பேணி வைத்ததும், கோயில் வாசலுக்கு வெளியே மனிதரை நிறுத்தியதும் சமூக இடைவெளியன்றி வேறென்ன? 1957இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் போராடவேண்டியிருந்தது.

இவ்விரு இடைவெளிகளும் ஒன்றெனச் சொல்வது தவறு. நோயின் பொருட்டு நாம் ஒரு மீற்றர் விலகி நிற்கையில், நம்மிடமும் நோய் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறோம். அயலவர் நமக்கு அஞ்சுமளவுக்கு நாமும் அவருக்கு அஞ்சுகிறோம்; அவ்வச்சத்தில் அவரது உயிர் மீதான அக்கறையும் கலந்திருக்கிறது. சாதியின் இடைவெளியிலோ ஒருவரே எப்போதும் அசுத்தர். மற்றவர் எப்போதும் சுத்தர். முன்னது இருவழிப் பாதை, பின்னது ஒருவழிக் கட்டளை. ஊரடங்கை மீறி மண்டபத்திற் கூடி விருந்துண்டவர்களைச் சுதந்திரப் பிரியர்களென நாம் கொண்டாட இயலாததும் இதனாலேயே. அவ்விருந்தின் விலையைச் செலுத்தியவர்கள் ஆசுபத்திரித் தாதியரும், வீட்டு மூலையிற் படுத்திருந்த முதியவர்களுமே.

ஆயினும் இருவழிப் பாதை வெகு விரைவில் ஒருவழியாயிற்று. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களிடையே நோய் பரவியபோது, நோயாளிகளாகக் கருதப்படவேண்டியவர்கள் குற்றவாளிகளாகப் பேசப்பட்டனர். முஸ்லிம்கள் தம் இறந்தோரை அடக்கஞ் செய்ய இயலாமல், அவ்வாண்டு ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கட்டாயத் தகனம் நடந்தது. அடக்கஞ் செய்யலாமென உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும் இது நிகழ்ந்தது. மலையகத்து லயன் அறைகளிலோ, ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து வாழும் குடும்பங்களிடம் ஒரு மீற்றர் பேசுவதே கேலியாயிருந்தது. விலகி நிற்பதற்கும் நிலம் வேண்டும். அந்நிலம் யாருக்கு உண்டு என்பதை நோய் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

வேலியின் கதைக்கு வருவோம். நம் கிராமங்களிற் கதியால் வேலி காணியைப் பிரிக்கும். அதே வேலியில் ஒரு ‘பொட்டு’ இருக்கும். அடுத்த வீட்டுக்குக் கறி கொடுக்கவும், நெருப்பு வாங்கவும், வழக்குப் பேசவும் அதுவே வழி. அச்சித்திரையில் படலை மூடியிருக்க, முறுக்கும் பயற்றம் பணியாரமும் பொட்டு வழியே சென்றன. தட்டை வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்று குரல் கொடுத்தார்கள். கூட்டமில்லாமலும் கொண்டாட்டம் இருக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஐயாயிரம் ரூபா நிவாரணத்தை நம்பியிருந்த கூலித் தொழிலாளி வீட்டுக்கு அவ்வழி அரிசி சென்ற இடங்களும் உண்டு.

எனினும் பொட்டு எந்த வேலியில் இருக்கிறது? பெரும்பாலும் உறவினர் வளவுக்கும் உறவினர் வளவுக்கும் இடையில். இப்போது முகக்கவசங்கள் கழன்றுவிட்டன, ஒரு மீற்றர் கோடுகள் கடைவாசல்களில் அழிந்துவிட்டன, சவாரித் திடலிற் சனம் மறுபடி நெருக்குகிறது. சலவைத் தொழிலாளி வீட்டிலிருந்து வருடப் பிறப்பன்று வரும் பலகாரத் தட்டு இன்று எத்தனை வீடுகளில் அடுப்படி வரை செல்கிறது? எத்தனை வீடுகளில் விறாந்தையோடு நின்று, பின்னர் எவரும் தொடாமலே மாட்டுக்குப் போகிறது?