எண்ணமும் எண்ணிக்கையும்

கற்பனை கலைஞனுக்குரியது, கணக்கு வணிகனுக்குரியது என்றொரு கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. சாதாரண தரம் முடிந்ததும் கலை, வர்த்தகம், விஞ்ஞானம் எனப் பிள்ளைகளைப் பிரித்து அனுப்பும் நமது கல்விமுறையும் அதற்குத் துணைபோகிறது. ஆயின் நம் மொழியோ இப்பிரிவினையை ஏற்கவில்லை. எண்ணுதல் என்ற ஒரு சொல்லுக்கே நினைத்தல், கணித்தல் என்னும் இரு பொருளும் உண்டு.

கல்முனைக்கு வடக்கே, கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையைப் பார்ப்போம். சேலைக்குரிய புதியதொரு கரையை நெசவாளர் முதலில் மனத்திலே காண்கின்றார். பின்னர், அக்கரைக்கு எத்தனை இழை, எந்த நிறம் எங்கே மாறவேண்டும் என்று கணிக்கின்றார். இழை பிசகினால் கனவு குலையும். கனவு இல்லையேல் கணிப்பதற்கு எதுவுமில்லை. புதுமை யாவும் இவ்விரண்டின் கூட்டிலேயே பிறக்கிறது.

ஆனால், அப்புதுமையின் பலன் யாரைச் சேருகிறது? கயிற்றை இழுத்தால் ஓடும் நாடாவை 1733-இல் இங்கிலாந்தின் ஜோன் கே அமைத்தார். அகலத் துணிக்கு இருவர் வேண்டிய இடத்தில் ஒருவரே போதுமென்றாயிற்று. வேலை போய்விடுமென்று அஞ்சிய நெசவாளர் அவரை எதிர்த்தனர். உற்பத்தியாளரோ உரிமைப்பணம் கொடாது நாடாவை எடுத்துக்கொண்டனர். வழக்காடிப் பொருளிழந்த கே பிரான்சுக்குச் சென்று அங்கேயே மறைந்தார். தறியின் வேகம் கூடிற்று. அவ்வேகத்தின் பலனைப் பங்கிட்டது தறிக்கு வெளியே இருந்த செல்வம்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது? நெசவாளரின் கணக்கு தறியின் விளிம்போடு நின்றுவிடலாகாது. நூலையும் சாயத்தையும் கடனாகக் கொடுப்பவரே துணியின் விலையையும் விதிப்பாராயின், எத்துணை அழகிய கரையும் நெய்தவரின் வறுமையைத் தீர்க்காது. நூலின் விலை, உழைத்த மணி, இடையிலே போகும் பங்கு ஆகியவற்றையும் இழையெண்ணும் கவனத்தோடு எண்ணவேண்டும். 1844-இல் ரொச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் சிறு முதல் சேர்த்துக் கூட்டுறவுக் கடையொன்றைத் திறந்தனர். அவர்களுட் பலர் நெசவாளர். இலாபத்தை உறுப்பினரின் கொள்வனவுக்கேற்பப் பகிரும் அவர்களது முறை பின்னர் உலகெங்கும் பரவிற்று. அதுவும் ஒரு கண்டுபிடிப்பே. அதற்குரிய தறி மனித உறவு.

ஆகவே, ஓவியம் தீட்டும் மாணவனுக்கு அளக்கக் கற்பிப்போம். கணக்குப் போடும் மாணவிக்கு, இவ்விலாபம் எவருக்கு என்று கேட்கக் கற்பிப்போம். எண்ணத் தெரிந்தவர் என்று நாம் சொல்லும்போது இவ்விருவரையும் ஒருவரிடத்தே காணவேண்டும்.