மாணவன் குடித்தால் பழி யாருக்கு?

பள்ளி மாணவன் அளவுமீறிக் குடித்தால் பொறுப்பு யாருடையது என்பது அறவியலின் பழைய சிக்கலில் போய் நிற்கிறது. போதையில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை என்ற கிரேக்கச் சட்டத்தில் அரிஸ்டாட்டில் நியாயம் காண்கிறார்: குடிக்காமலிருப்பது அவன் கையில்தான் இருந்தது. ஆனால் இளமைப் பழக்கமே குணத்தை உருவாக்குகிறது என்பதும் அவர் கூற்றே, பழக்குவோரோ பெரியவர்கள். மேலும், பதின்வயதில் தன்னடக்கத்துக்குரிய மூளைப்பகுதி முழுமையாக முதிர்ந்திருப்பதில்லை. குடிக்கும் நண்பர்கள், குடிக்கும் பெற்றோர், எளிதில் கிடைக்கும் மது, கேட்பாரற்ற மாலைப்பொழுது ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

இந்தச் சூழலை மாற்றலாம் என்பதற்கு ஐஸ்லாந்து சான்று: அங்கே 1998இல் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்திருந்தனர். 2016இல் அது 5 விழுக்காடு. இரவில் வெளியே திரியத் தடை, பெற்றோரின் தெருக் கண்காணிப்பு, விளையாட்டுக்கு உதவித்தொகை என அங்கே மாற்றப்பட்டது சூழல். அதோடு மாணவனின் தெரிவும் மாறியதென்றால், அந்தத் தெரிவு முழுக்க அவனுடையதாக இருந்ததில்லை.