குடத்துக் கங்கையும் ஏரித் தண்ணீரும்

வென்ற மன்னர்கள் கல்லில் தூண் நாட்டினார்கள். முதலாம் இராஜேந்திரனோ நீரால் தூண் நாட்டினான் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த சோழகங்கம் என்னும் ஏரிதான் அந்தத் தூண். இன்று ஊர்வாயில் அது பொன்னேரி.

ஒரு கேள்வி எழுகிறது. வெற்றியின் அடையாளமாக வடக்கிலிருந்து கொண்டுவந்து இதில் சேர்த்த கங்கை நீர் சில குடங்களுக்கு மேல் இருந்திருக்குமா? தலைநகருக்கும் வயலுக்கும் நீர் தந்தது உள்ளூர் ஏரி. அப்படியானால் புனிதம் எதில் இருக்கிறது, குடத்திலா, கரையிலா?

சைவம் மூர்த்தியையும் தலத்தையும் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. தீர்த்தத்தையும் சேர்த்தே மும்மை என்றது. நடைமுறையில் நாம் மூன்றாவதை மறந்துவிட்டோம். ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் பெருலிங்கத்துக்கு நடக்கும் அன்னாபிஷேகத்தைக் காணக் கூட்டம் அலைமோதும். சோறு விளையத் தண்ணீர் தந்த ஏரியை எட்டிப் பார்ப்பவர் சிலரே.

பருவமழை இப்போது சில நாட்களில் கொட்டிவிட்டுப் போகிறது. வானம் பார்த்த பூமியான அரியலூருக்கு அதைப் பிடித்துவைக்க ஏரியை விட்டால் வேறு வழி ஏது?

மாவட்டத்தின் இன்னொரு ஏரியான கரைவெட்டி 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது, வலசைப் பறவைகளின் தயவில். கோயிலுக்கு வருகிறவர்கள் பொன்னேரிக் கரைக்கும் ஒருமுறை போய்வரட்டும். வரத்துக் கால்வாய்களைத் தூர்வாரச் சொல்லிக் கேட்கட்டும். அதுவும் வழிபாடுதான்.