பகலில் எதிரி, இரவில் நண்பன்
1864 அக்டோபர் 19. அமெரிக்க உள்நாட்டுப் போர். வர்ஜீனியாவில் சீடர் கிரீக் என்ற இடத்தில், தென்மாநிலத் தளபதி ஸ்டீபன் டாட்சன் ராம்சர் குண்டடிபட்டு எதிரிகளிடம் சிக்கினார். வயது 27. மனைவிக்குக் குழந்தை பிறந்துவிட்டதாகச் சேதி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஆணா, பெண்ணா என்றுகூட அவருக்குத் தெரியாது.

எதிரிகளின் தலைமையகமான பெல் குரோவ் மாளிகையில் அவரைக் கிடத்தினார்கள். அன்றிரவு மெரிட், கஸ்டர், டூபாண்ட் ஆகிய வடமாநில அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். மெரிட் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1860இல் அவரோடு படிப்பை முடித்தவர். மற்ற இருவரும் அங்கே இளைய மாணவர்கள். அன்று மாலை தென்படையைச் சிதறடித்ததில் கஸ்டரின் குதிரைப்படைக்குப் பெரும்பங்கு உண்டு. மறுநாள் ராம்சர் இறந்தார். பிறந்திருந்தது பெண் குழந்தை.

ராம்சர் நின்றது அடிமைமுறையைக் காத்த பக்கம். அதை எதிர்த்து நின்றவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த இரவைப் பெருந்தன்மை என்று புகழ மனம் வரவில்லை. அந்த நட்பு பொய்யல்ல; பகல் முழுக்க அதற்கு வேலையில்லாமல் போனதுதான் நெஞ்சை அறுக்கிறது.