கழற்றிப் பூட்டுதல்

கனடாவில் கைத்துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்கும் எவரும் முதலில் ஒரு பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். அங்கே சொல்லித்தரும் விதிகள் நாலு. எந்தத் துவக்கையும் ரவை நிரப்பப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்பது முதலாவது. குழல் வாயை எந்நேரமும் ஆபத்தில்லாத திசையில் வைத்திருப்பது இரண்டாவது. விரலை விசையிலிருந்து விலக்கி வைத்திருப்பது மூன்றாவது. துவக்கு வெறுமையாக இருக்கிறது என்பதை நிரூபிக்க வேண்டும் என்பது நாலாவது.

முதலாவதையும் நாலாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். நிரூபித்து முடித்த பிறகு முதலாவது விதி காலாவதியாகிவிடுமா? இல்லை என்றுதான் சொல்லித்தருகிறார்கள். மகசினைக் கழற்றியாயிற்று. ரவை அறையைக் கண்ணால் பார்த்தாயிற்று. குழலுக்குள் மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறது. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். தெரிந்த பிறகும் உள்ளே ஒன்று இருப்பதுபோலவே நடந்துகொள்ள வேண்டும். தெரிந்ததைத் தெரியாததுபோல் காட்டிக்கொள்வதை வேறு இடமென்றால் பாசாங்கு என்போம். இங்கே அது ஒழுக்கமாகிறது. ஏன்?

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் கனடாவில் ஒரு பிஸ்டலை வைத்துக்கொண்டு இதையெல்லாம் யோசிக்க வேண்டுமா என்று என் வயது நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். துவக்கு என்றால் எங்களுக்குத் திண்ணைச் சுவரில் சாத்தி வைத்தது, தோளில் தொங்கிப் போனது, சோதனைச்சாவடியில் முகத்துக்கு நேரே வந்தது. அதன் வெளிப்புறத்தை நன்றாக அறிந்திருந்தோம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் பார்த்ததில்லை. இங்கே ஒரு கழகத்தில் சேர்ந்து கடதாசி இலக்குகளைச் சுடப் பழகியபோதுதான் அந்த உட்புறத்தைப் பார்க்க வாய்த்தது. சுடுவதைவிடக் கழற்றித் துடைத்துப் பூட்டும் வேலையே எனக்கு யோசிக்க நிறையத் தந்தது.

என்னிடம் இருப்பது .22 பிஸ்டல். அதன் ரவை மிகச் சிறியது. குழலின் விட்டம் ஏறக்குறைய 5.6 மில்லிமீற்றர், ஈயச் சன்னத்தின் நிறை வழக்கமாக 2.6 கிராம். பெரிய ரவைகளில் நெருப்புப் பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவே ஒரு சிறு கிண்ணத்துக்குள் இருக்கும். இதில் அது பித்தளைக் கோதின் விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. ஊசி விளிம்பை நசுக்கினால் மருந்து பற்றும். ரிம்ஃபயர் என்ற பெயர் அதனால்தான் வந்தது. விளிம்பைச் சுற்றி மருந்து சீராகப் பரவாத இடத்தில் ஊசி விழுந்தால் ரவை வெடிக்காமல் போகலாம். அப்போது உடனே திறக்கக் கூடாது, இலக்கை நோக்கிப் பிடித்தபடியே காத்திருக்க வேண்டும். வெடிக்காத ரவை சற்றுப் பிந்தி வெடிக்கக்கூடும். விசையை இழுத்தேன், சத்தம் வரவில்லை, ஆகவே முடிந்தது என்று அந்த நேரத்தில் யாரும் முடிவுகட்ட முடியாது.

சின்ன ரவைதானே, விளையாட்டுச் சாமான்தானே என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. 1968 இல் லொஸ் ஏஞ்சலிஸில் ரொபேர்ட் கென்னடியைக் கொன்றது .22 ரிவோல்வர். 1981 இல் ரீகன் மீது சுடப்பட்டதும் .22 தான். நான் வைத்திருக்கும் ரூகர் வகையின் மூதாதையும் போர்க்களத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஓர் அமெரிக்கப் படைவீரர் கொண்டுவந்த ஜப்பானிய நம்பு பிஸ்டல்களைப் பார்த்து வில்லியம் ரூகர் தன் கராஜில் மாதிரிகள் செய்து பார்த்தார். 1949 இல் அவருடைய முதல் .22 பிஸ்டல் விற்பனைக்கு வந்தது. சுடப் பழகுகிறவர்களின் கையில் கொடுக்கும் பிஸ்டலாக அந்த வகை பெயர் பெற்றது. பயன் மாறியது, ஆனால் உருவத்தில் அந்தப் பழைய சாயல் இன்னும் தெரிகிறது.

என்னுடையது அந்த வரிசையில் மார்க் 3. கழற்றுவதற்கு முன்பு ரவைப்பெட்டி அந்த மேசையில் மட்டுமல்ல, அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. மகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னே இழுத்து, ரவை அறையைப் பார்த்து, விரல் நுனியாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த படியில்தான் முரண் இருக்கிறது. பிஸ்டலைக் கழற்ற உள்ளே நிமிர்ந்திருக்கும் சுத்தியல் இறங்க வேண்டும். அதற்கு விசையை இழுக்க வேண்டும். மகசின் இல்லாமல் விசை வேலை செய்யாதபடி மார்க் 3 இல் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு சேர்த்திருக்கிறார்கள். ஆகவே இப்போதுதான் கழற்றிய மகசினை, வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பப் போட்டு விசையை இழுக்க வேண்டும். விரலை விசையில் வைக்காதே என்ற விதியையும் மகசினைக் கழற்று என்ற பழக்கத்தையும் மீறித்தான் இந்தத் துவக்கைச் சுத்தம் செய்ய முடியும். ஒரு விபத்தைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, இன்னொரு விபத்துக்கான அசைவுகளைக் கைக்குப் பழக்குகிறது. அந்தக் கணத்தில் என்னைக் காப்பது குழல் வாய் பார்க்கும் திசை ஒன்றுதான்.

பிறகு கைப்பிடியின் பின்பக்கத்து நெம்பைத் திறந்து, சுருள்வில் இருக்கும் கூட்டை இறக்கி, போல்ட்டை உருவ வேண்டும். குழல் சட்டத்திலிருந்து பிரியும். போல்ட்டின் முகத்தில் கரியும் மெழுகும் அப்பியிருக்கும். தூரிகையை அறைப்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக ஓட்டுவேன். துணித்துண்டுகள் முதலில் கறுப்பாக வரும், பிறகு சாம்பல் நிறமாக, கடைசியில் வெள்ளையாக. எண்ணெய் ஒரு துளி போதும், கூடினால் அடுத்த நாள் கரியை அதுவே பிடித்து வைக்கும். பூட்டுவது கழற்றுவதைவிடக் கடினம். சுத்தியலில் தொங்கும் ஒரு சிறு தண்டு சரியான பள்ளத்தில் உட்கார வேண்டும். அதற்குப் பிஸ்டலைச் சரித்துப் பிடித்து, தண்டு தன் பாரத்தில் ஆடி வர விட வேண்டும். உட்காராவிட்டால் போல்ட் முழுதாகப் பின்னே வராது. திரும்பவும் கழற்று என்று அது சொல்லிவிடும்.

பாகங்களை ஒரு துணியில் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எங்கள் பேச்சுவழக்கு ஒன்று எனக்கு நினைவில் வரும். ஊரில் ஒரு வீட்டில் துவக்குத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த பொடியன் செத்துப்போனான். ‘வெடிச்சுப்போட்டுது’ என்றார்கள். வெடித்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. செய்தவனை வெளியே விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொல்லத் தமிழ் வினைச்சொல் இடம் கொடுக்கிறது. கண்ணாடி உடைந்தது, கதவு சாத்திக்கொண்டது, துவக்கு வெடித்தது. அந்த இலக்கணத்தில் இரக்கமும் இருக்கிறது. செய்தவன் மீதி வாழ்நாளையும் அந்த ஊரில்தான் கழிக்க வேண்டும். ஆனால் ஊசி, வில், சுத்தியல், விசை என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தவனுக்கு அந்த வாக்கியத்தை நம்புவது கடினம். ஒன்று இன்னொன்றை அசைக்கிறது, முதலாவதை ஒரு விரல் அசைக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மார்க் 3 க்குப் பின் 2016 இல் வந்த மார்க் 4 ஐ ஒரு பொத்தானை அழுத்தியே திறக்கலாம், விசையை இழுக்கத் தேவையில்லை. ஆனால் 2017 இல் நிறுவனமே அவற்றைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்தது. பாதுகாப்புக் குமிழ் பாதியில் நிற்கும்போது விசையை இழுத்தால் வெடிக்காமல் போகலாம், விரலை எடுத்த பிறகு குமிழைச் சுடும் நிலைக்குத் தள்ளும்போது வெடிக்கலாம் என்று அறிவித்தார்கள். அப்படியென்றால் துவக்கு ‘வெடித்துவிட’வும் செய்யும். கையையும் முழுதாக நம்ப முடியாது, கருவியையும் முழுதாக நம்ப முடியாது.

முதலாவது விதி பொய்யாகாமல் நிற்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். உள்ளே ரவை இருக்கிறது என்று நம்பும்படி அது என்னைக் கேட்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியை நாலாவது விதி கவனித்துக்கொள்ளும். முதலாவது விதி கேட்பது வேறு: நீ நிச்சயமாக அறிந்தது பிழையானால், அந்தத் திசையில் நிற்பது யார்? என் நிச்சயத்தின் விலையை நான் கட்டுவேனா, வேறு யாராவது கட்டுவார்களா? பிழையின் விலை இன்னொருவர் தலையில் விழும் இடத்தில், நிச்சயம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் போதாது. ஒழுக்கம் அங்கே அறிவின் அளவைப் பார்ப்பதில்லை, குழல் வாயின் திசையைப் பார்க்கிறது.

இதைத் துவக்கோடு நிறுத்திக்கொள்ள எங்கள் வரலாறு விடாது. துரோகி என்று சொல்லி மின்கம்பத்தில் கட்டப்பட்டவர்களை என் தலைமுறை பார்த்திருக்கிறது. கழுத்தில் தொங்கிய கடதாசி மட்டையில் குற்றம் எழுதியிருக்கும். எழுதியவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களில் பலர் நிச்சயமாக இருந்தார்கள், அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. தகவல் சரி, ஆள் சரி, விசாரித்தாயிற்று. அந்த நிச்சயம் பிழையாக இருந்த இடங்களில் விலை கட்டியது யார் என்று எங்களுக்குத் தெரியும். பிழையாகப் பூட்டிய பிஸ்டலைத் திரும்பக் கழற்றலாம். போல்ட் வராது, தெரிந்துவிடும். அந்தத் தீர்ப்புகளுக்கு அப்படி ஒரு சோதனை இருக்கவில்லை. ஒருவன் வீட்டுக்காரர் அழுதபோதுதான் தெரிந்தது, அப்போதும் ஊர் கதவைச் சாத்திக்கொண்டது.

இப்படிச் சந்தேகித்துக்கொண்டே இருந்தால் எதையும் செய்ய முடியாதே என்று கேட்கலாம். கழகத்தில் நாங்கள் சுடத்தான் செய்கிறோம். விதி சுடுவதைத் தடுப்பதில்லை. பின்னால் மண்மேடு இருக்கும் இலக்கை நோக்கிச் சுடு என்கிறது. நிச்சயங்களை வைத்திருக்கலாம், அவற்றின்படி நடக்கலாம். அவற்றுக்குப் பின்னால் ஒரு மண்மேடு வேண்டும்: மேன்முறையீடு, மறுவிசாரணை, திரும்பக் கழற்றிப் பார்க்க ஓர் இடம்.

கொல்லும் கருவியொன்றை இவ்வளவு அக்கறையோடு துடைப்பது அதை நேசிக்கப் பழகுவதாகாதா என்ற கேள்விதான் எனக்கு இன்னும் தொல்லை. பாகங்கள் அச்சொட்டாகப் பொருந்தும் சத்தத்தில் ஓர் இன்பம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். எங்கள் ஊரில் இயக்கப் பொடியன்களும் அந்த இன்பத்தோடுதான் எண்ணெய் போட்டார்கள். கையின் நேர்த்தி, அந்தக் கை செய்யப்போகும் காரியத்தை நல்லதாக்கிவிடாது. ஆயுதபூசைக்குச் சந்தனம் வைத்தாலும் அப்படித்தான். நான் சொல்லக்கூடியது இவ்வளவே: கழற்றிப் பார்த்த பிறகு எனக்கு அதன் மீதிருந்த பயம் குறைந்தது, கவனம் கூடியது. பயத்தோடு சேர்ந்திருந்த ஒரு கிளர்ச்சியும் போய்விட்டது. வேறு ஒருவருக்கு மறுவளமாக நடக்கலாம்.

2022 ஒக்டோபர் 21 முதல் கனடாவில் தனியாட்கள் கைத்துப்பாக்கிகளை வாங்கவோ விற்கவோ கைமாற்றவோ தடை வந்துவிட்டது. சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றுள் நான் வரவில்லை. ஏற்கனவே பதிவு செய்தவர்கள் வைத்திருக்கலாம். என் பிஸ்டலை என் மகளுக்குக் கொடுக்க முடியாது. அது எனக்கு வருத்தமில்லை, அவளும் கேட்கவில்லை. ரொறன்ரோவில் பிறந்தவள், சட்டம் படிக்கிறாள். ஒருநாள் நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி வந்து எழும்பிப் போய்த் திரும்பி வந்து, முதலிலிருந்து ரவை அறையைப் பார்த்தேன்.

“இப்பதானே பாத்தனீங்கள் அப்பா. பிறகேன் திருப்பிப் பாக்கிறீங்கள்? என்னை நம்பேல்லையா?”

“உன்னை நம்பிறன். நான் பாத்தது எண்டதைத்தான் நம்பேல்லை.”

அவள் சிரிக்கவில்லை. தன் வகுப்பில் நேரில் கண்ட சாட்சிகளைப் பற்றிப் படித்ததைச் சொல்லத் தொடங்கினாள். நிச்சயமாகக் கண்டேன் என்று சத்தியம் செய்தவர்களின் சொல்லால் சிறைக்குப் போய், வருடங்கள் கழித்து மரபணுச் சோதனையில் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தவர்கள் பலர். சாட்சிகளில் பெரும்பாலானவர்கள் பொய் சொல்லவில்லை என்றாள். நான் தண்டைப் பள்ளத்தில் இருத்த பிஸ்டலைச் சரித்துப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கதைக்கும்போது கதிரையை இழுத்து என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். நான் குழலை இடப்பக்கத்துச் சுவருக்குத் திருப்பினேன்.