சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

டிசம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வாசிப்பு வட்டத்தில், இந்த வருஷம் வாசித்ததில் பிடித்த புத்தகம் எது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தபோது எனக்கு வாயே வரவில்லை. அந்த வருஷம் நான் வாசித்தது முழுக்கத் தன்வரலாறுகள். ஒரு மனுஷன் வாங்கிய சவுக்கடியை, ஒரு குடும்பம் தின்ற எச்சில் சோற்றை வாசித்துவிட்டு, ‘பிடிச்சிருக்கு’ என்று எப்படிச் சொல்வது? மாம்பழம் பிடிக்கும். சினிமாப் பாட்டு பிடிக்கும். அடுத்தவன் முதுகுத் தழும்பு பிடிக்குமா?

நான் முழிப்பதைப் பார்த்து ஒரு தோழர் எடுத்துக் கொடுத்தார்: “எதையும் ஒளிக்காம, உள்ளது உள்ளபடி சொல்றதுதான் நல்ல தன்வரலாறு. அப்படி எது, அதச் சொல்லுங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. எனக்கு நெருக்கமான புத்தகங்களில் பலவும் எதையோ சொல்லாமல் விட்டவை.

பிரெடரிக் டக்ளஸை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பியவர். 1845இல் தன் வரலாற்றை அச்சிட்டார். பால்டிமோர் தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்து எழுத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார். அந்தப் பையன்களின் பெயரைச் சொல்லவில்லை. அடிமைக்குப் படிப்புச் சொல்லித் தந்தவன் என்ற பழி அவர்கள் தலையில் விழும் என்பது காரணம். 1838இல் தான் தப்பித்த வழியையும் சொல்லவில்லை. சொன்னால் பின்னால் வருகிறவனுக்கு அந்த வழி அடைபட்டுப் போகும். ஒரு மாலுமியின் அடையாளச் சீட்டை இரவல் வாங்கி ரயிலேறியதை, அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1881இல் வந்த தன்வரலாற்றில்தான் விவரமாக எழுதினார். ஆனால் தன்னை அடித்த கோவியின் பெயரையும், எசமான் தாமஸ் ஆல்டின் பெயரையும் 1845லேயே பச்சையாகப் போட்டுவிட்டார். திரும்பப் பிடித்துக்கொண்டு போகலாம் என்ற ஆபத்து தலைக்குமேல் நின்ற காலம் அது.

ஓம்பிரகாஷ் வால்மீகியும் அப்படித்தான். 1997இல் இந்தியில் வந்த ‘ஜூட்டன்’ என்ற தலைப்புக்கே எச்சில் என்றுதான் அர்த்தம். படிக்க வந்த பையனைப் பள்ளிக்கூடத்தைக் கூட்ட வைத்த தலைமையாசிரியரின் பெயர் அதில் இருக்கிறது. கல்யாண வீட்டில் எச்சில் கூடையைக் காட்டி அவர் அம்மாவை அவமானப்படுத்தியவரின் பெயரும் இருக்கிறது. அந்தத் தாய் கூடையை அங்கேயே கொட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். அதோடு அந்த எச்சில் எடுப்பது நின்றது.

இதிலிருந்து எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்த மாதிரி இருந்தது. ஒரு புத்தகம் மௌனமாகும் இடத்தில், ‘இந்த மௌனம் யாரைக் காப்பாத்துது?’ என்று கேட்க வேண்டும். அடிபட்டவனையும் அவனுக்குக் கை கொடுத்தவனையும் காப்பாற்றினால் அது நியாயம். அடித்தவனைக் காப்பாற்றினால் அநியாயம். சுலபமான கணக்கு.

கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை என்று ஹேரியட் ஜேக்கப்ஸ் காட்டினார். எசமானிடமிருந்து தப்பி, பாட்டி வீட்டில் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பரணில் ஏழு வருஷம்போல ஒளிந்து கிடந்த பெண். 1861இல் லிண்டா பிரெண்ட் என்ற புனைபெயரில் எழுதினார். எல்லோர் பெயரையும் மாற்றினார். தன்னை விரட்டிய எசமான் பெயரைக்கூட. அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? வெகுகாலம் அந்தப் புத்தகத்தைக் கட்டுக்கதை என்றார்கள். யாரோ வெள்ளைக்காரப் பெண் எழுதியது என்றார்கள். 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் தேடியெடுத்து நிரூபித்த பிறகுதான் வாயடைத்தார்கள். சொல்லாமல் விட்டால் உலகம் நம்புவதில்லை.

சொன்னால் என்ன ஆகும்? அதற்குப் பாமாவின் ‘கருக்கு’ இருக்கிறது. எங்க அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நான் வாசிக்க, அம்மா கேட்கும். எங்கள் பேச்சுக்குப் பக்கத்துப் பேச்சு என்பதால் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சில இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தது. 1992இல் அந்தப் புத்தகம் வந்தபோது பாமா அதில் தன் ஊர்ப் பெயரைப் போடவில்லை. இருந்தும் ஊருக்குத் தெரிந்தது. முதலில் சனங்கள் கோபப்பட்டார்கள், சில மாதம் ஊருக்குள் போக முடியவில்லை, பிறகு புரிந்துகொண்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதை அம்மாவிடம் சொன்னேன்.

“கோவம் வராதா பின்ன? நம்ம கூரையப் பிரிச்சு ரோட்டுல போறவனுக்குக் காட்டுனா?” என்றது. கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அந்தப் பிள்ள பொய் சொல்லல” என்றது.

அந்தத் தைரியத்தில்தான் நான் எழுதி வைத்திருந்ததை எடுத்தேன். அம்மாவைப் பற்றிய கட்டுரை. ஒரு பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தேன். கூலிக்காகக் கொல்லைப்புறத்தில் காத்துக் கிடந்தது, டீக்கடைத் தனிக் கிளாஸ், களத்துமேட்டில் கேட்ட பேச்சு எல்லாவற்றையும் அம்மா அசையாமல் கேட்டது. முடிந்ததும், “அந்த ஒண்ண மட்டும் எடுத்துரு ய்யா” என்றது. எங்கள் வீட்டுக்குள் நடந்த ஒரு விஷயம் அது.

“அதுதாம்மா முக்கியம்.”

“யாருக்கு?”

“வாசிக்கிறவங்களுக்கு.”

“வாசிக்கிறவுக வாசிச்சுட்டு மூடி வச்சுருவாக. நான் நாளைக்குக் கொழாயடியில நிக்கணும்ல.”

என் அளவுகோல் இங்கே உடைந்துபோனது. அந்த மௌனம் அம்மாவைக் காப்பாற்றுகிறது. காப்பாற்றக் கூடாத ஒன்றையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. ஆதிக்கச் சாதிக்காரன் செய்ததை எழுதிவிட்டு நமக்குள் நடப்பதை மூடி வைப்பது என்ன விடுதலை என்று பெண் தோழர்கள் கேட்பது சரியான கேள்வி. மராத்தியில் எழுதிய பேபி காம்ப்ளே அதற்குப் பதில் சொன்னவர்தான். மகார்களின் வீடுகளுக்குள் மருமகள்கள் பட்ட சித்திரவதையைத் தயங்காமல் எழுதினார். ஆனால் எழுதியதை இருபது வருஷம் வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார். கணவரிடம் தான் பட்ட அடியை அதில் விரித்துச் சொல்லவில்லை. பின்னால் ஒரு நேர்காணலில் கேட்டபோதுதான் சொன்னார். எப்போது, யாரிடம், எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்தார். அவர் மகன் முடிவு செய்யவில்லை.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். பட்டவர் தன் கதையை உடைத்துச் சொல்லலாம், ஒளிக்கவும் செய்யலாம். அது அவர் சொத்து. பிள்ளை என்பதாலோ எழுதத் தெரியும் என்பதாலோ அது எனக்கு வந்து சேராது. காலம் காலமாக நம் உழைப்பை நம்மைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவின் கதையை அம்மாவைக் கேட்காமல் நான் எடுத்தால் அதற்குப் பெயர் என்ன?

ஆனால் அவர் மௌனத்தின்மேல் நான் பொய்யைக் கட்டவும் கூடாது. அதனால் கட்டுரையிலிருந்து அந்த விஷயத்தை எடுத்தபோது, எங்கள் வீட்டை ஒரு குறையும் இல்லாத வீடாகக் காட்டிய இரண்டு பத்திகளையும் சேர்த்து எடுத்தேன். கட்டுரை மெலிந்துபோனது. பரவாயில்லை.

எந்தப் புத்தகம் பிடித்தது என்று இப்போது கேட்டால் ‘கருக்கு’ என்று சொல்வேன். அதை வாசித்ததால்தான் எங்க அம்மா என்னிடம் ‘யாருக்கு?’ என்று கேட்டது. எடுத்துவிட்ட அந்தத் தாள்களை அம்மாவிடமே கொடுத்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறது. சொல்லத் தோன்றினால் அதுவே சொல்லும்.